மெதுவாகப் போயும் மாட்டிக்கொள்வது ஏன்? நீர்மூழ்கி விளையாட்டுகளில் ஒளிவதும் நகர்வதும்

தக்கலைப் பக்கம் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "கோல்ட் வாட்டர்ஸ் விளையாடுகிறேன். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தைத் தாண்டுவதே இல்லை. லேயருக்கு (கடல்நீரின் வெப்பநிலை சடாரென்று மாறும் எல்லைக்கு) கீழேயேதான் கிடக்கிறேன். கிட்டே போகும்வரை யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் டார்பிடோ (நீருக்கடியில் ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) விட்ட கொஞ்ச நேரத்தில் நாலு பக்கமும் சூழ்ந்து அடித்துவிடுகிறார்கள். எப்போதுதான் வேகம் எடுப்பது? அப்புறம், என் பழைய லேப்டாப்பில் ஓடுகிற மாதிரி வேறு நல்ல விளையாட்டு உண்டா?"

தம்பி, நீங்கள் உங்கள் சத்தத்தை மட்டும் கவனிக்கிறீர்கள், எதிரியின் காதைக் கவனிப்பதில்லை. பிரச்சினை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒரு நீர்மூழ்கி பிடிபடுவது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. அது எழுப்பும் சத்தம், அந்தச் சத்தம் கடந்து வரும் தண்ணீர், கேட்கிற கப்பலைச் சுற்றியுள்ள இரைச்சல். மூன்றாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 25 நாட் வேகத்தில் பாய்ந்து வரும் டெஸ்ட்ராயர் போர்க்கப்பலுக்குத் தன் புரொப்பெல்லர், தன் இயந்திரம், சோனார் (ஒலியால் தேடும் கருவி) கூட்டை உரசிக்கொண்டு ஓடும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து காதை அடைத்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் 10, 12 நாட்டுக்கு ஏறினாலும் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. அதே கப்பல் வேகத்தைக் குறைத்து ஊர ஆரம்பித்ததும்தான் உண்மையான ஆபத்து. அது கேட்பதற்காகத்தான் மெதுவாகிறது. புதிதாக விளையாடுகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: கப்பல் வேகமாக வரும்போது நடுங்கிக்கொண்டு அசையாமல் கிடப்பார்கள், அது மெதுவானதும் "சரி, விட்டுவிட்டான்" என்று ஓடத் தொடங்குவார்கள்.

ஆகவே எத்தனை நாட் வேகத்தில் போகலாம் என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. யார் கேட்கிறான், இந்த நிமிடம் அவனால் கேட்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் நீர்மூழ்கிகளை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஜெர்மனியின் ஏழாம் வகை யூ-போட் தண்ணீருக்கு அடியில் அதிகபட்சம் 7.6 நாட் போகும். அந்த வேகத்தில் பேட்டரி வெகுசீக்கிரம் காலியாகிவிடும். 4 நாட்டில் போனால் 80 கடல் மைல் தாக்குப்பிடிக்கும். பிரிட்டிஷ் கப்பல்களின் ஆஸ்டிக் சோனார் ஒலிக்கற்றையை முன்னோக்கி, கொஞ்சம் சாய்வாக அனுப்பும். ஆழத்தில் கிடக்கும் நீர்மூழ்கியைக் கப்பல் நெருங்க நெருங்க, அது கற்றைக்கு அடியில் நழுவிவிடும். கடைசிச் சில நூறு மீட்டர் கப்பல் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆழ்வெடிகளைப் பின்பக்கம் உருட்டிவிடும். அந்த வெடி விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வீதம் மூழ்கும். 150 மீட்டர் ஆழத்தில் நீங்கள் இருந்தால் அது வந்து சேர 50 விநாடி. அதற்குள் 7 நாட்டில் 180 மீட்டர் விலகியிருக்கலாம். வெடி உடலைக் கிழிக்க வேண்டுமானால் சில மீட்டர் நெருக்கத்தில் வெடித்தாக வேண்டும். வெடித்த பிறகும் தண்ணீர் கொந்தளித்துக்கொண்டிருப்பதால் கப்பலுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. சைலன்ட் ஹன்டர் விளையாட்டு வரிசையில் பழகியவர்கள் "வெடிக்கும்போது ஓடு, அடங்கும்போது நில்" என்பது இதனால்தான். முழு வேகம், சுக்கானை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பல், கொந்தளிப்பு அடங்கும் முன் மறுபடி 2 நாட்டுக்கு இறங்கிவிடுதல், அவ்வளவுதான்.

ஆனால் 1943-க்குப் பிந்தைய களத்தில் இதே வித்தையை நம்பினால் செத்தீர்கள். ஹெட்ஜ்ஹாக் என்ற ஆயுதம் 24 குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் வீசும், அதாவது சோனார் பிடி விடுபடும் முன்பே. அவை நீர்மூழ்கியில் பட்டால்தான் வெடிக்கும், இல்லாவிட்டால் அமைதியாக அடித்தரைக்குப் போய்விடும். ஓடி ஒளியக் கொந்தளிப்பே கிடைக்காது. பிரிட்டிஷ் கேப்டன் ஃபிரெடரிக் ஜான் வாக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கப்பல் தூரத்தில் நின்று ஆஸ்டிக்கால் நீர்மூழ்கியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று தன் சோனாரை அணைத்துவிட்டு, மிக மெதுவாக, முதல் கப்பல் சொல்லும் திசையில் ஊர்ந்து மேலே வந்து வெடியைப் போடும். கீழே இருப்பவனுக்கு எச்சரிக்கையே கிடையாது. எதிரியின் காதை ஏமாற்றுவது நீர்மூழ்கிக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். விளையாட்டில் இரண்டு எஸ்கார்ட் (காவல்) கப்பல் இருந்து, ஒன்று மட்டும் பிங் (சோனார் ஒலித்துடிப்பு) அடித்துக்கொண்டே தள்ளி நின்றால், மற்றது எங்கே என்று தேடுங்கள்.

அடுத்தது லேயர். கடலில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகும். தண்ணீர் சூடாக இருந்தால் வேகம் கூடும், உப்பு கூடினாலும் கூடும், ஆழம் கூடினாலும் கூடும். வேகம் குறைந்த தண்ணீரின் பக்கமாக ஒலி வளையும். மேலே காற்றும் அலையும் கலக்கிவிட்ட சூடான தண்ணீர், அதற்குக் கீழே வெப்பநிலை சடாரென்று இறங்கும் பகுதி. இந்த எல்லையைத்தான் விளையாட்டுகள் லேயர் என்கின்றன. 28 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் குறையும். கலங்கிய மேல்நீரில் வெப்பநிலை ஒன்றுபோல இருப்பதால் ஆழம் மட்டுமே வேகத்தைக் கூட்டும், ஆகவே எல்லைக்கு மேலே உள்ள ஒலி மேல்நோக்கி வளைந்து மேற்பரப்பை ஒட்டியே ஓடும், கீழே போனது இன்னும் கீழே வளையும். நடுவில் ஒரு நிழல் விழும். நீங்கள் படுத்துக்கிடப்பது அந்த நிழலில்.

பிரச்சினை என்னவென்றால், அந்த நிழல் கப்பலின் அடிவயிற்றில் உள்ள சோனாருக்கு மட்டும்தான். கிரிவாக், உதலோய் மாதிரி சோவியத் போர்க்கப்பல்கள் சோனாரைக் கம்பியில் கட்டி லேயருக்குக் கீழே இறக்கும். ஹெலிகாப்டரும் தன் சோனாரை வேண்டிய ஆழத்துக்கு விடும். அப்போது லேயருக்குக் கீழே நீங்கள் அவனோடு ஒரே அறையில் இருக்கிறீர்கள், மேலே போவதுதான் புத்திசாலித்தனம். எதிரியின் கப்பல் வகை தெரியாமல் லேயருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வது வெறும் பழக்கம். கோல்ட் வாட்டர்ஸில் இலக்கை அடையாளம் கண்டதும் அதன் குறிப்பைத் திறந்து, இழுத்துச் செல்லும் சோனார் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

லேயர் எங்கே இருக்கும் என்பதும் நிலையானது அல்ல. இரண்டாம் உலகப்போருக்கு முன்பே அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு குழப்பம் இருந்தது: காலையில் நன்றாக வேலை செய்யும் சோனார் மதியத்துக்குமேல் சொதப்பியது. சோனார்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவழிகிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்களாம். கடைசியில், வெயில் மேற்பரப்பின் சில மீட்டர் தண்ணீரைச் சூடாக்கி ஒலியைக் கீழே வளைத்துவிடுவதுதான் காரணம் என்று தெரிந்தது.

நம் குமரி மாவட்டத்துக் கடலைப் பார்த்தால் இது இன்னும் சுவாரசியமானது. நாகர்கோவிலில் நாங்கள் சில நண்பர்கள், கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ் விளையாட்டில் கன்னியாகுமரிக்குத் தெற்கே களம் அமைத்து மோதிக்கொள்வதுண்டு. அங்கே வெட்ஜ் பேங்க் இருக்கிறது. 1976-இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உறுதியான மீன்வளத் திட்டு. ஆழம் 200 மீட்டருக்கும் குறைவு. அணுசக்தி நீர்மூழ்கியை எடுத்துக்கொண்டவன் அங்கே தவித்துப்போவான், ஏனென்றால் ஆழ்கடலில் 30 கடல் மைலுக்கு ஒருமுறை ஒலி மறுபடி குவிந்து, தொலைவில் உள்ளதைக் கேட்கவைக்கும் வளையங்கள் இங்கே உருவாகாது. ஒலி அடித்தரையிலும் மேற்பரப்பிலும் மாறி மாறி மோதிச் சிதறும். பேட்டரியில் ஓடும் டீசல் நீர்மூழ்கிக்கு இதுதான் சொர்க்கம். அணுசக்திப் படகில் குளிர்விக்கும் பம்பு பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டீசல் படகு பேட்டரியில் 3 நாட்டில் போகும்போது அதனிடமிருந்து கேட்பதற்கு அனேகமாக ஒன்றுமே இருக்காது. 2005-இல் ஸ்வீடனின் கோட்லண்ட் என்ற சிறிய நீர்மூழ்கியை வாடகைக்கு வாங்கிப் பயிற்சி செய்த அமெரிக்கக் கடற்படை, தன் விமானந்தாங்கிக் கப்பல் ரொனால்ட் ரீகனின் காவல் வளையத்துக்குள் அது புகுந்துவிட்டதைப் பார்த்தது.

நம் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறி வரும். மீன் பெருகுவதும் அதனால்தான். அப்போது லேயர் மேற்பரப்பை நெருங்கிவிடும், ஒளிவதற்கு அதிக ஆழம் தேவையில்லை. அலையும் மழையும் கூட இரைச்சலைக் கூட்டித் தரும். அந்தப் பருவக்காற்று ஓய்ந்து நவம்பருக்குப் பிறகு வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போகும், ஒலி வளையும் விதமும் அதோடு மாறும். இத்தனை நுணுக்கமும் எந்த விளையாட்டிலும் முழுதாக வராது. ஆனால் களம் அமைக்கும்போது மாதத்தை யோசித்து வைப்பது நல்லது.

இரைச்சலுக்கு இன்னொரு ஊர்க் கணக்கும் உண்டு. சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மற்ற மாதங்களில் விசைப்படகுகளின் இயந்திரச் சத்தமே நீர்மூழ்கிக்குத் திரை. தடைக்காலத்தில் அந்தத் திரை விலகிவிடும், சரக்குக் கப்பல்களின் தாழ்ந்த உறுமல்தான் மிச்சம். விளையாட்டில் பொதுமக்கள் கப்பல்களை அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பெரிய சரக்குக் கப்பலின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால், 8 நாட்கூட உங்களுக்குப் பாதுகாப்பான வேகம்தான்.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. படகுகள் நெருக்கமாக உள்ள கடலில் பெரிஸ்கோப் ஆழத்துக்கு ஏறுவது நிஜத்திலும் ஆபத்து. 2024 நவம்பரில் கோவாவுக்கு வடமேற்கே நம் நீர்மூழ்கி ஒன்றும் ஒரு மீன்பிடிப் படகும் மோதிக்கொண்டன. படகில் இருந்த 13 பேரில் 11 பேரைத்தான் உடனே மீட்க முடிந்தது. ஏறும் முன்பு சுற்றித் திரும்பி, பின்பக்கத்தையும் கேட்டுவிட்டு ஏறுங்கள். நீர்மூழ்கியின் புரொப்பெல்லருக்குப் பின்னால் ஒரு கூம்புப் பகுதி அதன் சோனாருக்குச் செவிடு. எதிரி நீர்மூழ்கி உங்களைத் தொடர விரும்பினால் அங்கேதான் வந்து நிற்கும். நீங்கள் ஒருவனைத் தொடர்ந்தாலும் அந்த இடம்தான், அவன் திடீரென்று திரும்பிப் பார்க்கும்வரை.

ஏறி வர வேண்டிய கட்டாயம் ஏன் வருகிறது? செய்தி வாங்க. நம் பக்கத்து மாவட்டத்தில், விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மனின் உயரமான கோபுரங்கள் அதற்குத்தான். மிகத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ மட்டும்தான் கடல்நீருக்குள் கொஞ்சம் இறங்கும், அதுவும் 10, 20 மீட்டர் அளவுக்கு. நீர்மூழ்கி எழும்பி வர வேண்டும், அல்லது மிதக்கும் கம்பி ஆன்டெனாவை மேலே விட வேண்டும். டேஞ்சரஸ் வாட்டர்ஸ் மாதிரி விளையாட்டில் அந்தக் கம்பியை வெளியே விட்டு, அதை மறந்துவிட்டு வேகம் எடுக்காதீர்கள்.

இனி, டார்பிடோ விட்டதும் ஏன் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதற்கு வருகிறேன். நீங்கள் நேர்கோட்டில் சுடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குழாயில் தண்ணீர் நிரம்பும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், டார்பிடோவின் இயந்திரம், எல்லாம் எதிரிக்குக் கேட்கும். டார்பிடோ எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசையை நோக்கி அவன் பதிலுக்கு ஒன்றை விடுவான். அவனுக்கு உங்கள் தூரம் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆகவே கம்பி இணைப்புள்ள டார்பிடோவை முதலில் 50, 60 டிகிரி பக்கவாட்டில், மெதுவான வேகத்தில் அனுப்புங்கள். அது நன்றாக விலகிப் போன பிறகு கம்பி வழியே இலக்கை நோக்கித் திருப்புங்கள். எதிரி பதிலுக்குச் சுடுவது அந்தத் திருப்பத்தை நோக்கி. அதற்குள் நீங்கள் எதிர்ப் பக்கம் மெதுவாக நகர்ந்திருப்பீர்கள். மெதுவாக, ஏனென்றால் வேகமோ கூர்மையான திருப்பமோ கம்பியை அறுத்துவிடும். டார்பிடோ வெடித்ததும் கடல் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருக்கும். வேகம் எடுப்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் நல்ல நேரம் அது. அப்போதும் ஆழமாகப் போய் வேகம் எடுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு, 100 மீட்டரில் பதினோரு மடங்கு. அழுத்தம் கூடினால் புரொப்பெல்லரில் நீராவிக் குமிழி உண்டாகி வெடிப்பது, அதாவது கேவிட்டேஷன், தள்ளிப்போகும். மேலே 6 நாட்டில் வரும் இரைச்சல், ஆழத்தில் 12 நாட்டிலும் வராமல் இருக்கலாம்.

இந்தத் திட்டம் முழுவதும் இலக்கின் தூரம் தெரிந்தால்தான் நடக்கும், தூரத்துக்காகப் பிங் அடித்தால் நீங்கள் முடிந்தீர்கள். பிங் போய்த் திரும்ப வேண்டும், ஆனால் எதிரிக்கு அது போய்ச் சேர்ந்தாலே போதும். நீங்கள் அவனைக் காண்பதற்கு வெகுமுன்பே அவன் உங்களைக் கேட்டுவிடுவான். திசையை மட்டும் வைத்துத் தூரம் காண்பதற்கு நீங்கள்தான் நகர வேண்டும். நம் கடற்கரைக்காரர்கள் மருந்துவாழ் மலையையும் ஒரு கோயில் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்துக் கடலில் இடம் பிடிப்பதைப்போலத்தான், இரண்டு கோடு வெட்டிக்கொண்டால் இடம் கிடைத்துவிடும். இங்கே மலைக்குப் பதில் நகரும் கப்பல் இருப்பதால் கொஞ்சம் கணக்கு வேண்டும். எக்லண்ட் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயரில் வழங்கும் முறை மிக எளிது. இலக்கின் திசைக்குக் குறுக்கே ஒரு பக்கமாகச் சில நிமிடம் போய், திசை நிமிடத்துக்கு எத்தனை டிகிரி மாறுகிறது என்று பாருங்கள். பிறகு எதிர்ப் பக்கம் திரும்பி மறுபடி பாருங்கள். உங்கள் குறுக்கு வேகத்தில் வந்த மாற்றத்தைத் திசை மாறும் வேகத்தில் வந்த மாற்றத்தால் வகுத்தால், ஏறத்தாழக் கடல் மைலில் தூரம். ஒரு பக்கம் 4 நாட், மறுபக்கம் 4 நாட் என்றால் மாற்றம் 8. திசை மாறும் வேகம் நிமிடத்துக்கு 2 டிகிரி வேறுபட்டால், இலக்கு 4 கடல் மைலுக்குச் சற்று உள்ளே. விளையாட்டு தானாகவே இதைச் செய்து தரும், ஆனால் நீங்கள் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தால் அதற்கும் ஒன்றும் தெரியாது. மெதுவாக ஒரே திசையில் போவது பாதுகாப்பு என்று நினைத்துக் குருடாகவே நெருங்குகிறவர்கள் நிறைய.

நெருங்கிப் போவதே தேவையில்லாத சமயமும் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, தியூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி நம் ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு நின்றார். நீர்மூழ்கியைத் தேடி வந்த கப்பல்களின் வழியில் அது அமைதியாகக் காத்துக்கிடந்தது. பிறகு நாள்கணக்கில் தேடியும் தப்பிவிட்டது. இப்படி ஒரு இழப்பை விளையாட்டோடு சேர்த்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எதிரி எங்கே வந்தே தீர வேண்டும் என்று தெரிந்தால், முன்கூட்டியே போய் அசையாமல் கிடப்பதைவிட மறைவான நகர்வு கிடையாது. கோல்ட் வாட்டர்ஸில் கான்வாயின் (காவலோடு போகும் கப்பல் கூட்டத்தின்) பாதை தெரிந்த பிறகும் அதைத் துரத்திக்கொண்டே போகாதீர்கள்.

டார்பிடோ உங்களையே பிடித்துவிட்டால், அதன்பின் அமைதியால் பயனில்லை. அது பிங் அடித்துத் தேடுவது. நாய்ஸ்மேக்கரை (சத்தம் எழுப்பி டார்பிடோவை ஏமாற்றும் கருவியை) போட்டு, அது உங்களுக்கும் டார்பிடோவுக்கும் நடுவில் வரும்படி திரும்பி, லேயரைத் தாண்டி ஆழத்தை மாற்றுங்கள். முழு வேகத்தில் கூர்மையாகத் திரும்பினால் தண்ணீரில் விழும் சுழலும் சில விநாடி அதை ஏமாற்றும். சீக்கிரமே எல்லா நாய்ஸ்மேக்கரையும் கொட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

லேப்டாப் விஷயம்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் 2007-இல் வந்த சைலன்ட் ஹன்டர் 4 போதும். பசிபிக் களம், லேயரும் உண்டு. யூபோட் என்ற விளையாட்டு அழகாக இருக்கும், ஆனால் பழைய இயந்திரம் திணறும். கமாண்ட் பார்ப்பதற்கு வெறும் வரைபடம், கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும், விலையும் அதிகம். ஸ்டீம் இணையக் கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். சைலன்ட் ஹன்டருக்கு ஒரு நல்ல ஹெட்போன் மட்டும் கட்டாயம் வாங்குங்கள். அதில் ஹைட்ரோஃபோனை (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியை) நீங்களே காதால் கேட்டு, கப்பல் வேகத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று புரொப்பெல்லர் சத்தத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.